சீட்டுக்கட்டுக்குச் சீட்டு கட்டலாமா?



நம்ம ஊர்ல ‘சீட்டு’ன்னு சொன்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு, ஹாஸ்டல் ரூமில் கதவைச் சாத்திக்கிட்டு ரம்மி போடுற சீட்டு. இன்னொண்ணு, அம்மா மாசாமாசம் பக்கத்துத் தெரு அக்காகிட்ட கட்டுற சீட்டு. இந்தக் கட்டுரை ரெண்டும் சேர்ந்த ஒரு விஷயத்தைப் பற்றியது: இன்னும் அச்சே ஆகாத ஒரு சீட்டுக்கட்டுக்காக, முகம் தெரியாத ஒருவருக்கு முன்கூட்டியே பணம் கட்டுவது. இதற்குப் பெயர் கிரவுட்ஃபண்டிங்.

கார்டு மேஜிக், கார்டிஸ்ட்ரி பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. ஒருவர் புதுசா ஒரு கட்டு வரைகிறார். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாமே அவர் கற்பனை. அச்சடிக்கப் பணம் இல்லை. இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, “இத்தனை ரூபாய் சேர்ந்தால் அச்சடிப்பேன், பணம் கட்டியவர்களுக்கு ஆளுக்கொரு கட்டு அனுப்புவேன்” என்கிறார். கிக்ஸ்டார்ட்டர் தளம் 2009-ல் தொடங்கியதிலிருந்து ஏகப்பட்ட கட்டுகள் இப்படித்தான் பிறந்திருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனா எல்லாக் கட்டும் வந்து சேர்வதில்லை.

எங்களுக்கு வரலை. அதனாலதான் இதை எழுதுறேன்.

5,100 ரூபாய் பாடம்

ரெண்டாம் வருஷம் படிக்கும்போது எங்க ரூமிலும் பக்கத்து ரூமிலுமாக ஆறு பேர் சேர்ந்து ஒரு கட்டுக்குப் பணம் கட்டினோம். தலைக்கு 850 ரூபாய். புராணப் பாத்திரங்களை வைத்து வரைந்த கட்டு. பின்பக்க டிசைனைப் பார்த்ததும் மயங்கிட்டோம். “ஆறு மாசத்துல கையில இருக்கும்”னு போட்டிருந்தாங்க. பதினாலு மாசம் ஆச்சு. கடைசியா வந்த செய்தி: “ரொம்ப சீக்கிரம் நல்ல செய்தி!” அதுக்கப்புறம் சத்தமே இல்லை. அந்த ஆறு பேரில் ஒருத்தன், வாரக் கடைசியில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சம்பாதித்த காசைக் கட்டியிருந்தான். ‘கட்டலாம்டா, சூப்பரா இருக்கு’ன்னு அவனை இழுத்துவிட்டது நான்.

போன மாசம் அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்து, பொறுமையா முதலிலிருந்து வாசித்தேன். ஆச்சரியம் என்னன்னா, எல்லாமே அதிலேயே இருந்தது. அச்சகத்தின் பெயர் இல்லை. கையில் பிடித்த ஒரு கட்டின் போட்டோ இல்லை. கேட்ட தொகைக்கும் செய்யப்போவதாகச் சொன்ன வேலைக்கும் சம்பந்தமே இல்லை. நாங்க படத்தை மட்டும் பார்த்தோம். எழுத்தையும் எண்ணையும் வாசிக்கலை.

கோர்ட் வரை போன ஒரு சீட்டுக்கட்டு

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் கிரவுட்ஃபண்டிங் தொடர்பாக ஒரு மாநில அரசு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் போட்ட முதல் வழக்கே ஒரு சீட்டுக்கட்டுக்காகத்தான்.

கட்டின் பெயர் ‘அசைலம்’. பழைய காலத்து மனநலக் காப்பகத்தை மையமா வைத்து வரையப்பட்டது. டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஆல்டியஸ் மேனேஜ்மென்ட் என்ற நிறுவனம் 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் இதைத் தொடங்கியது. கேட்டது 15,000 டாலர். 810 பேர் கட்டினார்கள், சேர்ந்தது 25,146 டாலர். 2012 டிசம்பரில் கட்டு வரும் என்று வாக்கு. வரவில்லை. 2013 ஜூலைக்குப் பிறகு நிறுவனத்திடமிருந்து பேச்சே இல்லை என்பது புகார். 2014 மே மாதம் வாஷிங்டன் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடுத்தார். 2015-ல் தீர்ப்பு வந்தது. மொத்தம் 54,851 டாலர் கட்ட உத்தரவு.

‘அப்பாடா, நியாயம் கிடைச்சுது’ன்னு தோணுதா? அந்தத் தொகையைப் பிரித்துப் பாருங்கள். 31,000 டாலர் அபராதம். 23,183 டாலர் வழக்குச் செலவு. பணம் கட்டியவர்களுக்குத் திரும்பப் போனது வெறும் 668 டாலர். அதுவும் வாஷிங்டன் மாநிலத்தில் வசித்த 31 பேருக்கு மட்டும். ஆளுக்குச் சராசரியா 21 டாலர் சொச்சம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்தத் தீர்ப்பில் பங்கு இல்லை. நீங்கள் பிள்ளைச்சாவடியில் உட்கார்ந்துகொண்டு பணம் கட்டியிருந்தால் உங்கள் நிலைமை என்ன என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். அசைலம் கட்டின் படங்கள் அருமையாகவே இருந்தன. வரைந்தவர் செர்பியாவைச் சேர்ந்த நிஜமான ஓவியர். படம் நிஜம், ஓவியர் நிஜம். ஓவியத்துக்கும் தபால் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற வேலைதான் நடக்கவில்லை. அச்சகம், பணக் கணக்கு, பேக்கிங், அனுப்புதல், இடையிடையே பதில் சொல்வது எல்லாமே அந்த நடுப்பகுதியில் வருகிறது. ஒரு புராஜெக்ட்டை நம்பலாமா என்று பார்க்கிறவர்கள் அங்கேதான் பார்க்கணும்.

அதுக்காக எல்லாரையும் திருடன்னு நினைக்கவும் வேண்டாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியைச் சேர்ந்த ஈதன் மாலிக் 2015-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் கட்டிய கிட்டத்தட்ட 47,000 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார். வாக்குக் கொடுத்த பொருளைக் கொடுக்காமல் போன புராஜெக்ட்டுகள் ஏறக்குறைய 9 சதவீதம் என்று அதில் தெரிந்தது. அதாவது பத்தில் ஒன்பது ஏதோ ஒரு வழியில் வந்து சேர்ந்துவிடுகிறது. தாமதம் தனிக் கதை, அது ரொம்ப சாதாரணம். பத்தில் ஒன்று எது என்று முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதுதான் நம்ம வேலை.

அக்கா வீட்டுச் சீட்டும் இணையச் சீட்டும்

பதிவு பெற்ற ஏலச்சீட்டுக்கு 1982-ம் வருஷத்துச் சிட் ஃபண்ட் சட்டம் இருக்கு. பதிவாளர் இருக்கிறார். சீட்டு நடத்துகிறவர் முன்கூட்டியே ஈடு காட்டணும். அவர் எடுக்கும் கமிஷனுக்கு உச்சவரம்பு உண்டு. 5 சதவீதமாக இருந்ததை 2019-ல் 7 ஆக்கினார்கள். பதிவு இல்லாத தெருச் சீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஆனா அம்மாவுக்கு அந்த அக்கா வீடு தெரியும், வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார்னு தெரியும், போன சீட்டை ஒழுங்கா முடிச்சாங்களான்னு தெருவுக்கே தெரியும்.

பொருளைப் பரிசாகக் கொடுக்கும் கிரவுட்ஃபண்டிங்கில் பதிவாளரும் இல்லை, தெருவும் இல்லை. கிக்ஸ்டார்ட்டர் தன் விதிமுறையிலேயே தெளிவாகச் சொல்கிறது: ஒப்பந்தம் பணம் கேட்டவருக்கும் கட்டியவருக்கும் நடுவில், தளம் அதில் பங்காளி இல்லை. 2012-லேயே ‘கிக்ஸ்டார்ட்டர் ஒரு கடை இல்லை’ என்று அறிவிப்பும் போட்டது. ஆக, ஈடும் இல்லாமல் வீடும் தெரியாமல் நாம் கட்டுகிற சீட்டு இது. நம்மிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தப் பக்கத்தில் இருக்கும் தகவல். அதை எப்படி வாசிக்கிறது?

1. கேட்கிறவர் யார்?

முதலில் ஆளைப் பாருங்கள். இதற்கு முன் ஏதாவது செய்து, அனுப்பி முடித்திருக்கிறாரா? அந்தப் பழைய புராஜெக்ட்டில் பணம் கட்டியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள்? புதுப் பக்கத்தைவிடப் பழைய பக்கத்தில்தான் உண்மை கிடைக்கும்.

ரொம்ப முக்கியமான எச்சரிக்கை: முதல் கட்டை இன்னும் அனுப்பாமல் ரெண்டாவது, மூணாவது கட்டுக்குப் பணம் கேட்கிறவர். இந்தச் சீட்டுப் பணத்தை எடுத்து அந்தச் சீட்டுக்குக் கொடுக்கிற கதை எப்படி முடியும்னு நம்ம வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க.

புது ஆள் என்பது மட்டும் குற்றம் இல்லை. எல்லாரும் ஒரு நாள் புது ஆள்தான். ஆனா புது ஆள் என்றால் கீழே வரும் மற்ற கேள்விகளுக்கு இன்னும் தெளிவான பதில் வேணும்.

2. அச்சகம் எது?

‘பிரீமியம் குவாலிட்டி’, ‘கேசினோ தரம்’ இதெல்லாம் பதில் இல்லை. பெயர் வேண்டும். அமெரிக்காவின் யுனைடெட் ஸ்டேட்ஸ் பிளேயிங் கார்டு கம்பெனி 1867-ல் சின்சினாட்டியில் தொடங்கியது. 1885-லிருந்து ‘பைசைக்கிள்’ கட்டைப் போடுகிறவர்கள் இவர்கள்தான். இப்போது பெல்ஜியத்தின் கார்ட்டாமுண்டி குழுமத்தில் இருக்கிறார்கள். தைவானில், சீனாவில் வேறு பெரிய அச்சகங்கள் உண்டு. இந்தியாவில் பார்க்சன்ஸ் இருக்கு. பெயர் சொன்னால் நாமே சரிபார்க்கலாம்.

ஒருவர் தன் கட்டில் ‘பைசைக்கிள்’ முத்திரை இருக்கும் என்கிறாரா? அதற்கு அந்தக் கம்பெனியின் அனுமதி வேண்டும், படங்களை அவர்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். “அனுமதி வாங்கியாச்சா, இல்லை இனிமேதானா?” என்று கேளுங்கள்.

‘சிவகாசியில் அடிக்கிறேன்’ என்றால்? தாராளமா அடிக்கலாம். அங்கே இல்லாத மெஷினா? ஆனா ரெண்டு கேள்வி. ஒண்ணு, எந்த அட்டை? நல்ல சீட்டு என்பது ரெண்டு தாளை நடுவில் கறுப்புப் பசை வைத்து ஒட்டியது. வெளிச்சத்தில் பிடித்தாலும் மறுபக்கம் தெரியக்கூடாது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் அடித்தால் நாலு தடவை கலைத்ததும் மடங்கிப்போகும். ரெண்டு, எந்த மாசம்? வருஷக் கடைசி காலண்டர், டைரி சீசன். அந்த நேரத்தில் சின்ன ஆர்டர் வரிசையில் கடைசிக்குப் போக வாய்ப்பு அதிகம்.

3. கையில் ஒரு மாதிரிக் கட்டு இருக்கா?

பக்கத்தில் இருக்கும் படங்கள் போட்டோவா, கம்ப்யூட்டரில் உருவாக்கியதா? காற்றில் மிதக்கும் சீட்டுகள், எல்லா ஓரமும் ஒரே கூர்மை, எல்லா நிழலும் ஒரே கோணம் என்றால் ரெண்டரிங். ரெண்டரிங் போடுவது தப்பில்லை. அது மட்டுமே இருப்பதுதான் பிரச்சினை.

இன்றைக்கு ஒரே ஒரு கட்டு மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் சேவைகள் இருக்கு. தான் வரைந்த கட்டை ஒரு தடவைகூட அச்சில் எடுத்துக் கையில் பிடித்துப் பார்க்காதவர், நம்ம பணத்தில் ஆயிரம் கட்டு அடிக்கப் போகிறேன் என்றால் யோசிக்கணும். விரித்துக் காட்டுகிற ஒரு சின்ன வீடியோ கேளுங்கள். நேர்மையான ஆள் சந்தோஷமா போடுவார்.

4. எல்லாச் சீட்டும் வரைந்தாச்சா?

பெரிய அச்சகங்களில் ஒரு கட்டின் சீட்டுகள் எல்லாம் ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும். யுனைடெட் ஸ்டேட்ஸ் கம்பெனியின் தாளில் 56 கட்டம்: 52 சீட்டு, ரெண்டு ஜோக்கர், மீதி ரெண்டு விளம்பரத்துக்கோ வேறு எதற்கோ. ஆனா பல பக்கங்களில் நமக்குக் காட்டுவது பின்பக்க டிசைன், இஸ்பேட் ஏஸ், ரெண்டு மூணு ராஜா. மீதி? ராஜா, ராணி, ஜாக்கி மட்டுமே பன்னிரண்டு படம். ‘பணம் வந்ததும் வரைவேன்’ என்றால் அது அச்சுச் செலவுக்கான புராஜெக்ட் இல்லை, ஓவியம் முடிவதற்கே காத்திருக்கும் புராஜெக்ட். தேதியை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது ஏஐ படங்களும் வருது. 2023 ஆகஸ்டிலிருந்து ஏஐ பயன்படுத்தினால் அதை வெளிப்படையாகச் சொல்லணும் என்று கிக்ஸ்டார்ட்டர் விதி வைத்திருக்கிறது. மூலைக் குறியும் பூக்களின் எண்ணிக்கையும் சரியா இருக்கான்னு எண்ணிப் பாருங்கள். எட்டாம் நம்பர் சீட்டில் ஏழு பூ இருந்தால், வரைந்தவர் அதைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

5. கணக்கு உதைக்குதா?

இதுதான் நமக்குப் பிடிச்ச ஏரியா. எங்க ஜூனியர் ஒருத்தன் இப்போ ஒரு புதுச்சேரி கட்டு வரைஞ்சிருக்கான். கடற்கரைச் சாலையும் பழைய கலங்கரை விளக்கமும் ஏஸ் சீட்டுகளில். ஜாக்கிக்கு நம்ம போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி. மூலையில் ஆங்கில எழுத்துக்குப் பதில் பிரெஞ்சுக் கட்டு மாதிரி: ராஜாவுக்கு ‘ருவா’ என்பதன் முதல் எழுத்து, ராணிக்கு ‘தாம்’, ஜாக்கிக்கு ‘வலே’. 54 சீட்டும் முடிச்சிட்டான். ‘அண்ணா, நம்ம நாட்டுத் தளம் ஒண்ணுல போடப் போறேன், நீங்களும் கட்டுங்க’ன்னு வந்தான். இந்தியாவில் இருப்பவர்கள் கிக்ஸ்டார்ட்டரில் பணம் கட்டலாம், ஆனா புராஜெக்ட் தொடங்கலாம் என்று அவர்கள் அனுமதிக்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால உள்ளூர்த் தளம்.

850 ரூபாய் பட்ட எனக்குச் சட்டுன்னு சரின்னு சொல்ல வாய் வரலை. மெஸ்ஸில் உட்கார்ந்து ஒரு பேப்பரில் கணக்குப் போட்டோம். அவன் திட்டம் இது: ஒரு கட்டு 900 ரூபாய், தபால் செலவு உள்பட. இலக்கு 1,00,000 ரூபாய். அவன் விசாரித்த ஆஃப்செட் அச்சகம் குறைந்தது 1,000 கட்டு அடித்தால்தான் வேலையை எடுக்கும். கட்டுக்கு உத்தேசமா 300 ரூபாய். அதாவது 3,00,000.

சரி, இலக்கைத் தாண்டி 144 பேர் கட்டிட்டாங்கன்னு வைப்போம்.

144 × 900 = 1,29,600 ரூபாய்.
தளத்தின் கமிஷன், பணம் கைமாறும் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம் என்றால் 11,664 போகும்.
தபால், பேக்கிங் ஆளுக்கு 100 ரூபாய் என்றால் 14,400 போகும்.
மீதி 1,03,536 ரூபாய்.
அச்சுக்கு வேண்டியது 3,00,000.

கிட்டத்தட்ட ரெண்டு லட்சம் துண்டு விழுது. பக்கத்தில் ‘இலக்கு எட்டப்பட்டது! 129 சதவீதம்!’ன்னு பச்சையா மின்னும். ஆனா கட்டு அச்சாகாது. ஜூனியர் ஏமாத்துக்காரன் இல்லை. “இலக்கு சின்னதா இருந்தா சீக்கிரம் நிரம்பும், நிரம்பினதைப் பார்த்து இன்னும் பேர் வருவாங்க”ன்னு யாரோ சொன்னதைக் கேட்டிருக்கான். வராம போற பல கட்டுகள் இந்த இடத்தில்தான் சிக்குதுன்னு நினைக்கிறேன்: கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், போடாத ஒரு கழித்தல் கணக்கில்.

உண்மையான இலக்கு என்ன? ஒவ்வொரு 900-லும் 81 கமிஷன், 100 தபால் போனால் கையில் நிற்பது 719. 3,00,000-ஐ 719-ஆல் வகுத்தால் 418 பேர் வேண்டும். அதாவது இலக்கு 3,76,200 ரூபாய். இதில் கெட்டுப்போகும் கட்டு, வரி, அவன் உழைப்புக்கான காசு எதுவும் சேரலை.

நீங்கள் எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் இதே கணக்கைப் போடுங்கள். அச்சகத்தின் குறைந்தபட்ச எண்ணிக்கை, கட்டின் விலை, கமிஷன், தபால். அச்சு விலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘இலக்கு ÷ கட்டு விலை’ போட்டால் எத்தனை கட்டுக்கான பணம் என்று தெரிஞ்சிடும். நூறு கட்டுக்கான பணத்தில் ஆயிரம் கட்டு அடிப்பேன் என்றால், மீதி எங்கிருந்து வரும்னு அவர் சொல்லியிருக்கணும். ‘என் சேமிப்பிலிருந்து போடுறேன்’ என்பதும் ஒரு பதில்தான். பதிலே இல்லாததுதான் பிரச்சினை.

6. பரிசு மேல் பரிசு, தேதி மேல் தேதி

‘2 லட்சம் தாண்டினால் தங்க ஃபாயில், 3 லட்சம் தாண்டினால் இன்னொரு கட்டு, 4 லட்சம் தாண்டினால் உலோக நாணயம்’ என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஃபாயில் என்றால் தனி அச்சு, தனிச் செலவு. நாணயம் என்றால் வேறு தொழிற்சாலை, வேறு எடை, வேறு தபால் கட்டணம். ஒரு கட்டின் எடை சுமார் 100 கிராம். அதற்கேற்ற தபால் கணக்கு, நாணயம் உள்ளே வந்ததும் மாறிப்போகும்.

வெளிநாட்டுக் கட்டு என்றால் நம்ம பக்கத்துச் செலவையும் சேருங்கள்: கார்டில் பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம், வெளிநாட்டுத் தபால், வந்த பிறகு தபால்காரர் கேட்கும் சுங்க வரி. சில நேரம் கட்டு விலையைவிட இது அதிகமாகிடும்.

கிக்ஸ்டார்ட்டரில் ஒவ்வொரு பக்கத்திலும் கீழே ‘ஆபத்துகளும் சவால்களும்’ என்று ஒரு பகுதி இருக்கும். நான் இப்போ முதலில் அங்கேதான் போறேன். ‘எங்களுக்கு ஆர்வம் அதிகம், எந்த ஆபத்தும் இல்லை’ என்றால் கதவைச் சாத்திடலாம். ‘மெஷின் வரிசை தள்ளிப்போனால் ஆறு வாரம் தாமதமாகும், அப்போது இப்படிச் செய்வேன்’ என்று எழுதியவர் வேலையை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறார்.

கட்டிட்டோம், வரலை. என்ன செய்யலாம்?

முதலில், எந்த வகைத் தளம் என்று தெரிந்துகொள்ளுங்கள். இலக்கு எட்டினால்தான் பணம் பிடிக்கப்படும் என்பது ஒரு வகை, கிக்ஸ்டார்ட்டர் அப்படி. எவ்வளவு சேர்ந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வகை. ரெண்டாவதில் கால்வாசிப் பணம்தான் சேர்ந்தாலும் உங்கள் காசு போயிடும், கட்டு அச்சாக வழி இருக்காது. கூகுள் ஃபார்மும் க்யூஆர் கோடும் மட்டும் வைத்துக் கேட்கிறார்கள் என்றால் அது எந்த வகையும் இல்லை, நேரடிக் கைமாற்று. நேரில் தெரிந்தவர் என்றால் மட்டும் யோசியுங்கள்.

கார்டில் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்று வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும் வசதி உண்டு. ஆனா அதற்குக் காலக்கெடு இருக்கு. கிரவுட்ஃபண்டிங்கில் சிக்கலே அதுதான். பொருள் வருவதாகச் சொன்ன தேதியே பல மாசம் தள்ளி இருக்கும். ‘இன்னும் கொஞ்சம் பொறுங்க’ என்று அவர்கள் சொல்லச் சொல்ல கெடு முடிஞ்சிடும். அதனால பணம் கட்டின அன்றைக்கே வங்கியின் கெடுவைக் கேட்டுக் காலண்டரில் குறிச்சு வையுங்கள். பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, வந்த செய்திகள் எல்லாம் ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும்.

இந்தியாவுக்குள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆளே போலி, பக்கமே போலி, பணத்தைச் சுருட்டிட்டாங்க என்று தெரிந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930. இதில் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. சும்மா தாமதமாகிற ஒரு நேர்மையான ஆள் மேல் இதைப் போடாதீங்க. பதில் சொல்கிறவரையும் பதில் சொல்லாதவரையும் ஒண்ணா வைக்கக்கூடாது.

எல்லாத்துக்கும் மேல ஒரு விதி: போனாலும் மாசக் கடைசியில் டீக்குக் கடன் கேட்கும் நிலைமை வராத தொகையை மட்டும் கட்டுங்கள். அவசரமா ஆட ஒரு கட்டு வேணும்னா ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட் இருக்கவே இருக்கு.

நான் கட்டினேனா?

மெஸ் பேப்பர் கணக்கைப் பார்த்ததும் ஜூனியர் முகம் சுருங்கிப்போச்சு. ‘அப்போ விட்டுடவாண்ணா?’ன்னு கேட்டான். விட வேண்டியதில்லை. ரெண்டு நாள் கழிச்சு வேறொரு கொட்டேஷனோட வந்தான். டிஜிட்டல் அச்சு, கட்டுக்கு 550 ரூபாய், ஆனா குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. திரும்பக் கணக்குப் போட்டோம். 112 பேர் கட்டினால் 1,00,800 ரூபாய். கமிஷன் போக 91,728. தபால் போக 80,528. அச்சு 61,600. மீதி 18,928, கெட்டுப்போன கட்டுகளை மாற்றிக் கொடுக்கவும் மற்றதுக்கும்.

அதே ஒரு லட்சம் இலக்கு. முதலில் நடக்காத திட்டம், இப்போ நடக்கும் திட்டம். மாறினது அச்சு முறை மட்டும். இதற்கு விலையும் உண்டு: ஃபாயில் கிடையாது, வழவழப்பு குறைவு, பெரிய அச்சகத்துக் கட்டு மாதிரி கையில் வழுக்காது. ‘அதை அப்படியே பக்கத்துல எழுது’ன்னேன். எழுதிட்டான். அச்சகத்தின் பெயர், மாதிரிக் கட்டை மெஸ் டேபிளில் விரித்த வீடியோ, இந்தக் கணக்கு எல்லாம் பக்கத்தில் இருக்கு. ‘தேர்வு நேரத்தில் பேக்கிங் மூணு வாரம் தள்ளலாம்’ என்பது உள்பட.

900 ரூபாய் கட்டிட்டேன். கேட்டரிங் வேலைக்குப் போன நண்பனிடம் இந்தத் தடவை ‘கட்டுடா’ன்னு சொல்லலை. பக்கத்தை அனுப்பி, ‘நீயே வாசிச்சுப் பாரு’ன்னு மட்டும் சொன்னேன். அவன் அரை மணி நேரம் வாசிச்சிட்டு, தபால் செலவு 100 ரூபாய்க்குள்ள வெளிமாநிலத்துக்கும் போகுமான்னு ஒரு கேள்வி கேட்டான். நான் யோசிக்காத கேள்வி. ஜூனியர் இப்போ அதை விசாரிச்சிட்டிருக்கான்.